தழிஞ்சியும் உதிரப்பட்டியும்: முத்துக்குளித்துறை நாட்டில் புண்பட்ட வீரர் உரிமை

முன்னுரை

போரில் வீழ்ந்த வீரர்க்குக் கல் நட்டு வழிபட்ட தமிழர் மரபு அறிஞர் பலரால் விரிவாக ஆராயப்பெற்றுள்ளது. வீழாது புண்பட்டு மீண்டவன் என்ன ஆனான்? வீழ்ந்தவனுடைய மனைவியும் மக்களும் எதனைக் கொண்டு வாழ்ந்தனர்? இவ்வினாக்கள் நடுகல் ஆராய்ச்சியின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. இவற்றை எடுத்துக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எல்லை ஒன்று வேண்டும். கொற்கை, காயல், தூத்துக்குடி ஆகிய துறைகளையும், அத்துறைகளின் உள்நாடாக விளங்கிய கழுகுமலை, பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு ஆகிய ஊர்களையும் கொண்ட நிலப்பகுதியை எல்லையாகக் கொள்கின்றோம். இப்பகுதி 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றுத் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. முத்துக்குப் பெயர்பெற்ற இந்நாடு படைவீரர்க்கும் பெயர்பெற்றது. சங்ககாலப் பாண்டியர் படை முதலாக இன்றைய இந்தியப் படை ஈறாக, புண்பட்டோரை அரசு நடத்திய முறைக்குச் சான்றுகள் இந்நாட்டோடு தொடர்புற்றுக் கிடைக்கின்றன.

சான்றுகளை ஆராயுங்கால் எல்லாக் காலத்துக்கும் பொதுவான வினா ஒன்று முன்நிற்கின்றது. புண்பட்டவனுக்கு அரசு செய்யவேண்டிய கடனை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? அரசனுடையதா, ஊராருடையதா, புண்பட்டவனுடையதா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையை இனி முறையே காண்போம்.

தழிஞ்சி என்னும் துறை

தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகத் தழிஞ்சி கூறப்படுகின்றது. இச்சொல்லுக்கு இருவேறு பொருள் வழங்குகின்றன. புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், தோற்றுப் புறங்கொடுப்பார்மேல் படைக்கலம் ஓச்சாத பெருமிதத்தையே தழிஞ்சி என்பர். நச்சினார்க்கினியரோ, தொல்காப்பிய உரையில், புண்பட்ட வீரரை அரசன் தானே சென்று கண்டு, நலம் வினவியும் பொருள் கொடுத்தும் தழுவிக்கொள்ளுதல் என்னும் கருத்துப்பட உரைத்தனர். முன்னது பகைவன்பால் காட்டும் அறம். பின்னது தன் படைஞன்பால் ஆற்றும் கடன். தழுவுதல் என்னும் வினையடியோடு பெரிதும் இயைவது நச்சினார்க்கினியர் உரையே என்பது எம் கருத்து.

இவ்வுரைக்கு ஏற்ற இலக்கியக் காட்சி நெடுநல்வாடையில் உள்ளது. நக்கீரர் பாடிய இப்பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. அவனே மதுரைக்காஞ்சிக்கும் தலைவன். அப்பாட்டு அவனைக் கொற்கை நகரத்தார் விரும்பும் தலைவனாகக் காட்டும். வாடைக்காற்றும் சிறுதூறலும் வருத்தும் நள்ளிரவில், அவன் உறங்காது, பாசறையினின்றும் புறம்போந்து, வாட்புண் பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். வேப்பந்தழை தலையில் கட்டிய வேலையுடைய படைத்தலைவன் ஒருவன் முன்சென்று, புண்பட்டோரை முறைமுறையாகச் சுட்டிக் காட்டுகின்றான். அரசன் முகமலர்ச்சியோடு அவர்களைக் காண்கின்றான். அவ்வேப்பந்தழை பாண்டியர் அடையாளம் ஆதலின் பாட்டு அகமன்று, புறமே என்று உரையாசிரியர் முடிவு கட்டியதை அறிஞர் அறிவர். பாட்டின் திணையை முடிவுசெய்யும் அச்சான்று, புண்பட்டோரைக் காட்டும் வேலிலேயே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

ஈண்டு எம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன இரண்டு செய்திகள். புண்பட்டவன் அரசனை நாடிச் செல்லவில்லை. அரசனே புண்பட்டவனை நாடி வந்தான். புண்பட்டமையை மெய்ப்பித்தவனும் வீரன் அல்லன். அவனை வழிநடத்திய படைத்தலைவனே சான்று கூறினான். எனினும் இக்காட்சியை மிகைப்படப் போற்றுதல் ஆராய்ச்சியாகாது. அந்த இரவிற்குப் பின் அவ்வீரர் ஊர் மீண்டு எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை நெடுநல்வாடை கூறவில்லை. காட்டப்பெற்ற வீரருள் ஒருவர்க்கேனும் பாட்டில் பெயரில்லை.

தண்ணடையும் உதிரப்பட்டியும்

வாழ்வுக்கான பொருள் நிலமாகவே இருந்தது. வீரர் பெறும் மருதநிலத்தூர் புறநானூற்றில் தண்ணடை எனப்படுகின்றது. ஏனாதி முதலிய சிறப்புப் பெயர்களும் படைத்தொழிலிற் சிறந்தார்க்கு வழங்கின. ஆயின் இவை பெரும்பாலும் வென்றார்க்கும் தலைவர்க்கும் உரியன. சிறுபடைஞனுக்கும் அவன் குடும்பத்துக்கும் உரிய சான்றுகளைக் கல்வெட்டுகளிலேயே தேடவேண்டும்.

எம் எல்லைக்குட்பட்ட கழுகுமலைக் கல்வெட்டு ஒன்று இவ்வகையிற் சிறந்தது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 23-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, மலைநாட்டுக் கருநந்தன்மேற் படையெடுத்து அருவியூர்க் கோட்டையை அழித்த செய்தியைக் கூறுகின்றது. அப்போரில், மங்கல ஏனாதி என்னும் சிறப்புப் பெயருடைய எட்டிமன்னனின் சேவகர் இருவர் பட்டனர். அவர்பொருட்டு அறம் ஒன்று நிறுவப்பெற்றது. அரசர் பெயரும் தலைவர் பெயருமே பெரிதும் நிலைபெற்ற கல்வெட்டுலகில், சேவகர் இருவரது சாவு சமணப் பள்ளி விளங்கிய குன்றொன்றிற் பதிவாகி நிற்கின்றது.

இவ்வறம் இறந்தார் உயிர்க்கு நன்மை வேண்டிச் செய்தது. குடும்பத்தின் உணவுக்காகச் செய்ததன்று. குடும்பத்துக்கென வழங்கிய நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் நெய்த்தோர்ப்பட்டி எனவும் உதிரப்பட்டி எனவும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதிக்குரிய பழந்தமிழ்ச் சொல். பிற்காலத்தில் அதன் இடத்தை உதிரம் என்னும் வடசொல் பற்றிக்கொண்டது. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் நெத்தரகொடகெ என்னும் தொடரும் இப்பொருளதே. குருதிக்கு ஈடாக நிலம் என்னும் கருத்துத் தென்னாட்டில் பரவலாக இருந்தமை இதனாற் பெறப்படும்.

இத்தகைய கொடைகளின் அமைப்பை நோக்குவோம். இறந்தவன் பெயரும் அவன் இறந்த காரணமும் கூறப்படும். நிரை மீட்டோ, ஊர் காத்தோ, தலைவனுக்குத் துணைநின்றோ இறந்தமை அக்காரணமாகும். நிலம் இறையிலியாக, அதாவது வரியின்றி, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று விடப்படும். கொடையை அழிப்பவன் பாவம் எய்துவான் என்னும் ஓம்படைக் கிளவி இறுதியில் நிற்பதும் உண்டு. கொடுத்தவர் சிலபோது அரசர் அல்லது குறுநிலத் தலைவர், சிலபோது ஊராரே.

இதனுள் மூன்று கூறுகள் உள. ஒன்று, சாவின் காரணத்தைக் கண்டறிந்த ஊர்ச்சான்று. இரண்டு, அழியாப் பதிவு. மூன்று, பிற்காலத்தார் மீறாமைக்குரிய காப்பு. கைம்பெண் ஒருத்தி தன் கணவன் இறந்தமைக்குக் காரணம் யாதென மெய்ப்பிக்க அலையவேண்டிய தேவை இம்முறையிற் பெரும்பாலும் எழவில்லை. அவன் யாருக்காக இறந்தானோ அவரே அதற்குச் சான்றாயினர். குறையும் உண்டு. இது கொடையே, உரிமையன்று. ஊர் நினைத்தாற் கிடைக்கும். நினையாவிடிற் கேட்பதற்கு வழியில்லை. அன்றியும், இறவாது உறுப்பிழந்து மீண்டவனைப் பற்றி இக்கல்வெட்டுகள் பெரிதும் வாளா இருக்கின்றன.

பாஞ்சாலங்குறிச்சி: கொடுப்பார் இல்லாக் காலம்

கொடுக்கும் அரசே அழிந்துபடின் என்னாகும் என்பதற்குப் பாஞ்சாலங்குறிச்சி சான்றாகும். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் அக்கோட்டையைத் தாக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிக் கோட்டையை மீண்டும் கட்டினார். மார்ச்சு இறுதியில் மெக்காலே தொடுத்த தாக்குதல் தோற்றது. மே 24-இல் அக்னியூ தலைமையிற் கோட்டை வீழ்ந்தது.

அப்போரிற் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1830-இல் வெளியிட்ட தம் போர் நினைவுகளில், ஊமைத்துரை உயிர்பிழைத்த செய்தியைக் கூறுகின்றார். கோட்டை வீழ்ந்தபின் பெண்கள் களத்திற் பிணங்களிடையே தம் மக்களைத் தேடினர். தாயொருத்தி தன் மகன் குற்றுயிராய்க் கிடத்தலைக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு அருகிற் கிடக்கும் ஊமைத்துரையைக் காக்குமாறு அவன் வேண்டினான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். எட்டையபுரத்தார் தேடிவந்தபோது, வெள்ளைத்துணி போர்த்தி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று அழுது அவரைக் காத்தனர்.

பாசறையில் அரசன் வீரரைக் கண்டு தழுவிய கடனை, ஈண்டு அரசிழந்த பெண்களே வீரருக்கும் தலைவனுக்கும் ஆற்றினர். அப்பெண்களுக்குப் பின்னர்க் கிடைத்தது ஒன்றுமில்லை. கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. உதிரப்பட்டி வழங்க ஊரும் இல்லை, தலைவனும் இல்லை. போரில் இறந்த ஆங்கிலேயர்க்கு எழுத்துப் பொறித்த கல்லறைகள் அருகே எழுந்தன. கோட்டை காத்து இறந்தவர்க்கு அத்தகைய கல் நடப்பெறவில்லை. தமிழ்நாடு அரசு 1974-இல் அவ்விடத்தில் நினைவுக்கோட்டை எழுப்பியதும், கட்டபொம்மன் வழித்தோன்றல்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் வழங்கியதும், நெடுங்காலம் நின்ற கடனைத் தீர்க்க முயன்ற செயல்களாகும்.

கல் ஏடாயிற்று

வென்ற கும்பினியார் தம் படைஞர்க்கு வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். 1770-இல் ராபர்ட் கிளைவ் அளித்த பொருளால் ஊனமுற்ற ஐரோப்பியப் படைஞர்க்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் உதவும் நிதியொன்று நிறுவப்பெற்றது. இந்தியச் சிப்பாய்கள் தனிப்பட்ட ஓய்வூதியப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றனர். சிப்பாயின் பெயர், ஊர், சாதி, உயரம், அங்க அடையாளம் ஆகியன ஏட்டிற் பதியப்பட்டன. ஏட்டில் உள்ளவனே ஓய்வூதியத்துக்கு உரியவன் என்பது நெறியாயிற்று.

இம்மாற்றம் சிறிதன்று. நிலம் போய்ப் பணம் வந்தது. ஊர்ச்சான்று போய் ஏட்டுச்சான்று வந்தது. தமிழ் போய் ஆங்கிலம் வந்தது. கொடையாக இருந்தது படிப்படியாக உரிமையாகும் வழி இதனால் திறந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் இந்தியப் படைவீரர் வாரியம் அமைக்கப்பெற்றது. அதன் வழிவந்த அமைப்பே இன்று கேந்திரிய சைனிக் வாரியம் எனப்படுகின்றது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது, தூத்துக்குடியிலும் உண்டு. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இன்றைய விதிகளும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

இன்று படையினின்றும் விடுவிக்கப்பெறும் வீரனை மருத்துவ வாரியம் ஆராய்கின்றது. அது விடை கூறும் வினாக்கள் இரண்டு. நோயோ ஊனமோ படைப்பணியால் விளைந்ததா, அன்றிப் பணியால் மிகுந்ததா என்பது ஒன்று. ஊனத்தின் அளவு நூற்றுக்கு எத்தனை என்பது மற்றொன்று. 2023-க்கு முந்தைய விதிகளின்படி, பணியோடு தொடர்புடைய ஊனம் 20 விழுக்காட்டிற் குறையாதிருப்பின் ஊன ஓய்வூதியக் கூறு கிடைக்கும். 50-க்குக் குறைந்த அளவை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறையும் உண்டு. பணி முடிந்து இயல்பாக ஓய்வு பெற்றவர்க்கும் இவ்வுயர்வு உரியதே என உச்சநீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கிற் கூறியது.

வீரர் பலர்க்கும் தடையாய் நிற்பது முதல் வினாவே. பணியால் விளைந்ததன்று, பணியால் மிகுந்ததுமன்று என்னும் ஒருவரி முடிவு கோரிக்கையை வீழ்த்திவிடும். இங்கே 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளை ஊன்றி நோக்க வேண்டும். படையிற் சேருங்கால் குறை ஏதும் குறிக்கப்படாதவன் நல்லுடலோடு சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். உரிமையை மெய்ப்பிக்குமாறு கோருபவனை வற்புறுத்தலாகாது. தகுந்த ஐயம் எழின் அதன் பயன் அவனுக்கே உரியது. இவை அவ்விதிகளின் சாரம். ஆயினும் நடைமுறையில் வீரனே தன் நோய்க்குக் காரணம் காட்டும் நிலை பலவிடத்து நிலவியது.

தரம்வீர் சிங் வழக்கு இதனைத் தெளிவுபடுத்தும். 1985-இற் படையிற் சேர்ந்த அவ்வீரர் வலிப்பு நோயால் 1994-இல் 20 விழுக்காட்டு ஊனத்தோடு விடுவிக்கப்பெற்றார். நோய் பணியோடு தொடர்புடையதன்று என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் அம்மறுப்பை ஏலாதென்று தள்ளியது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை. முன்பே இருந்ததென்பதற்கு வாரியம் காரணமும் காட்டவில்லை. ஆதலின் உரிமை வீரனுக்கே என்பது தீர்ப்பின் கருத்து. விடுவிக்கப்பெற்று 19 ஆண்டுகள் கழிந்தபின் வந்த நீதி இது. நெடுநல்வாடைப் படைத்தலைவனைப்போல, வழிநடத்தியவரே சான்று கூறவேண்டும் என்னும் நெறி இத்தீர்ப்பால் வலியுற்றது எனலாம்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆதலின் ஒருவர் எந்நாளிற் பணியினின்றும் நீங்கினார் என்பதைக் கண்டபின்னரே அவர்க்குரிய விதியைத் துணிதல் வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டவர் காரணங்காட்டும் ஆணையின் படியையும் மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் படியையும் முதற்கண் கேட்டுப் பெறவேண்டும். பின்னர் முதல் மேல்முறையீடும், இரண்டாம் மேல்முறையீடும், அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் உள. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அத்தீர்ப்பாயத்தின் கிளையொன்று சென்னையில் இயங்குகின்றது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, வீரர் குடும்பங்களுக்கெனச் சட்ட உதவித் திட்டமொன்றையும் தொடங்கியது.

பெயர் என்னும் இடர்ப்பாடு

சட்டவழிகள் இத்துணை இருந்தும் குடும்பங்கள் தடுமாறுதற்குக் காரணம் யாது? தமிழாராய்ச்சியாளர் கருதத்தக்க காரணம் ஒன்று உண்டு. அது பெயர்.

தமிழர் பெயரில் தந்தை பெயர் முதலெழுத்தாய் நிற்கும். படைப் பதிவேட்டில் அது விரிந்தும், இடம் மாறியும், குடும்பப் பெயர்போற் கருதப்பட்டும் காணப்படும். முத்துக்குளித்துறையில் இவ்விடர் இருமடங்காகும். 16-ஆம் நூற்றாண்டிற் கத்தோலிக்கம் தழுவிய பரதவர், பர்னாந்து, கோமஸ், மச்சாது முதலிய போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். திருமுழுக்குப் பெயர்களோ தமிழ் வடிவும் பெற்றன. சூசை என்பவரே ஜோசப். இராயப்பர் என்பவரே பீட்டர். சின்னப்பர் என்பவரே பால். அருளப்பர் என்பவரே ஜான். யாகப்பர் என்பவரே ஜேம்ஸ். கோயிற் பதிவில் சூசை, பள்ளிச் சான்றிதழில் ஜோசப், படைப் பதிவில் பர்னாந்து என ஒருவரே மூன்று பெயரோடு நிற்றல் இயலும். பர்னாந்து என்பதையே ஆங்கிலத்திற் பலவாறு எழுதுவர்.

ஓய்வூதியக் கொடுப்பாணையில் உள்ள மனைவியின் பெயரும் ஆதார் அட்டையில் உள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபடினும் குடும்ப ஓய்வூதியம் தடைப்படக்கூடும். திருமணமும் மகப்பேறும் படைப்பிரிவின் இரண்டாம் பகுதி ஆணையிற் பதிவாகாதிருப்பின் இடர் மேலும் பெருகும். ஸ்பர்ஷ் என்னும் கணினி முறை வந்தபின் ஏடுகளின் ஒப்புமை முன்னினும் இன்றியமையாததாயிற்று. இவர் இருவரும் ஒருவரே என்னும் வட்டாட்சியர் சான்றும், உறுதிமொழிப் பத்திரமும், அரசிதழில் பெயர்த்திருத்தமும் இதற்குரிய வழிகள். வீரன் உயிரோடிருக்கும்போதே பெயர்களை ஒப்புநோக்கித் திருத்திவிடின், அவனுக்குப்பின் மனைவி அலையவேண்டுவதில்லை.

சூசையும் ஜோசப்பும் ஒன்றென்பது மொழியறிந்தார்க்குத் தெற்றென விளங்கும். தில்லியிலோ பிரயாக்ராஜிலோ கோப்பு நோக்கும் எழுத்தர்க்கு அது விளங்காது. கல்வெட்டிற் சிதைந்த பெயரை ஒப்புமை கொண்டு மீட்கும் பயிற்சியுடைய தமிழ்த்துறை மாணவர், தம் ஊர்க் கைம்பெண்ணின் ஏடுகளை ஒப்புநோக்கித் தெளிவான பெயர்க் குறிப்பொன்று எழுதித் தருதல் எளிது. மருத்துவ வாரியத்தின் ஆங்கில முடிவை வீரனுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தருதலும் அத்தகையதே. எதனால் மறுக்கப்பட்டோம் என்று அறியாதவன் மேல்முறையீட்டில் எதனை மறுத்துரைப்பான்?

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகள் இவை.

ஒன்று: தழிஞ்சிக்கு நச்சினார்க்கினியர் கூறும் பொருளும் நெடுநல்வாடைக் காட்சியும், புண்பட்டவனை நாடிச் சென்று காணுதல் அரசின் கடன் என்னும் கருத்துத் தமிழில் பழமையானது என்பதைக் காட்டும்.

இரண்டு: உதிரப்பட்டி முறையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு ஊரார்மேலும் தலைவர்மேலும் இருந்தது, ஆயின் அது கொடையாகவே நின்றது, உறுப்பிழந்து மீண்டவனை அது போதிய அளவு காக்கவில்லை.

மூன்று: பாஞ்சாலங்குறிச்சி, அரசும் பதிவும் ஒருங்கே அழிந்தவிடத்து வீரர் குடும்பம் எய்தும் நிலையைக் காட்டும்.

நான்கு: ஏட்டுமுறை கொடையை உரிமையாக்கியது, ஆனால் மெய்ப்பிக்கும் சுமையை நடைமுறையில் வீரன்மேலும் கைம்பெண்மேலும் ஏற்றியது. 1982-ஆம் ஆண்டு விதியின் உள்ளக்கருத்தும் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அச்சுமையை இறக்கும் நோக்கின.

ஐந்து: எஞ்சியுள்ள சுமையின் ஒரு கூறு மொழிபற்றியது. அதனை இறக்குதற்கு வேண்டும் கருவி தமிழ்த்துறைகளிடம் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடும் சட்ட உதவி மன்றத்தோடும் இணைந்து அக்கருவியைப் பயன்படுத்துதல், நடுகல்லையும் நெய்த்தோர்ப்பட்டியையும் ஆராயும் எம்மனோர்க்கு உரிய பணியாகும்.